பைதானைச் சுடலாமா, பெட்டியில் வைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் ஹூஸ்டனில் பதினெட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். 2019இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். எங்கள் அடுத்த வீட்டில் இருந்த முதியவர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சென்ற ஆண்டு காலமானார். அவருடைய கடைசிக் காலத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, புல் வெட்டிக் கொடுப்பது போன்ற சிறு உதவிகளை நானும் என் மகனும் செய்துவந்தோம். போன மாதம் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "இது உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்" என்று ஒரு பெட்டியைக் கொடுத்தார். உள்ளே கோல்ட் (Colt) நிறுவனத்தின், ஆறு அங்குலக் குழலுடன் கூடிய நீலநிறப் பைதான் ரிவால்வர். தொடர் எண்ணைக் கொண்டு பார்த்ததில் 1966ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்று தெரிந்தது.

ஒரு கடையில் காட்டினேன். "ஏறக்குறையச் சுடப்படாத நிலை. இனி ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள், ஒவ்வொன்றும் பணத்தை எரிப்பது போல" என்றார்கள். அந்த அம்மாவோ, அவர் எண்பதுகளின் தொடக்கம் வரை பல சனிக்கிழமைகளில் இதைச் சுடுதளத்துக்கு எடுத்துச் சென்றார் என்கிறார். தோட்டாக்களை வைக்கும் சுழல் உருளையான சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. அதன் முன்முகத்தில் ஆறு துளைகளைச் சுற்றியும் கருவளையங்கள் இருக்கின்றன. குழல் நுனியில் நீலம் சற்றுத் தேய்ந்திருக்கிறது. அதைப் புதுப்பித்துவிடலாமா? என் மகன் சுட்டுப் பார்க்க வேண்டும் என்கிறான். எனக்கு மனம் வரவில்லை. சுடுவதா, காப்பதா?

வாசகர், ஹூஸ்டன்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நீங்கள் குடிமகன், கொடுத்தவரும் அதே மாநிலத்தில் வசிப்பவர் என்பதால் உங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் தமிழர்களில் பலர் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள். அவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. அன்பளிப்பாக வந்தது என்பது அங்கே பதிலாகாது. அத்தகையவர்கள் பெட்டியைக் கையில் வாங்கும் முன்பே வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது நல்லது.

இனி உங்கள் கேள்வி. சுடுவதா காப்பதா என்று கேட்கும்போது, காப்பதற்கு உரிய ஏதோ ஒன்று இன்னும் முழுதாக அதில் இருக்கிறது என்று நீங்கள் கொண்டுவிடுகிறீர்கள். அப்படி ஒன்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுப்பது "சுடப்படாதது" என்ற ஒரு சொல்லுக்கு. அந்தச் சொல்லே முழு உண்மையன்று. விற்பனைக்கு அனுப்பும் முன் தொழிற்சாலையிலேயே ரிவால்வர்களைச் சுட்டுச் சோதிப்பார்கள் என்பதால், ஆலையை விட்டு வந்தபின் யாரும் சுடவில்லை என்பதே அதற்குப் பொருள். அந்த நிலையை ஒரே ஒருமுறைதான் செலவழிக்க முடியும். முதல் குண்டில் அது போய்விடுகிறது. இரண்டாயிரத்து ஓராவது குண்டுக்கு அப்படி ஒரு விலை கிடையாது.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள கோட்டை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. சிலிண்டரைப் பூட்டும் சிறு எஃகு நாக்கு, அது சுழலும்போது மேற்பரப்பில் உரசுவதால் வரும் கோடு அது; தோட்டாவே போடாமல், வீட்டில் உட்கார்ந்து வெறுமனே சுழற்றி விளையாடினாலும் வந்துவிடும். ஆனால் துளைகளைச் சுற்றியுள்ள கருவளையங்கள் வெடிமருந்தின் தீ நக்கிய தடம், அவை சுடாமல் வாரா. ஆறிலும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலைச் சோதனையின் தடமும் ஓரளவு இருக்கலாம் என்றாலும், ஆறிலும் இருப்பதும் குழல் நுனித் தேய்வும் சேர்ந்து அந்த அம்மா சொன்னதையே ஆதரிக்கின்றன, கடைக்காரர் சொன்னது தம் விருப்பம். இன்னொன்று: அந்த வளையங்களைத் தேய்த்து நீக்குவதாகச் சொல்லி ஈயக்கறை அகற்றும் துணி ஒன்றை விற்பார்கள். நீலப்பூச்சுள்ள துப்பாக்கியின் அருகே அதைக் கொண்டுபோகாதீர்கள். கறையோடு நீலத்தையும் அது எடுத்துவிடும்.

அந்த நீலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோல்ட் நிறுவனம் பைதானை 1955இல் 125 டாலர் விலையில் கொண்டுவந்தது. ஏற்கெனவே இருந்த இலக்குப்போட்டி ரிவால்வர் ஒன்றின் உடலில் தடித்த குழலையும், அதன் மேல் துளைகள் கொண்ட முதுகுப்பட்டையையும், கீழே நுனி வரை ஓடும் கனத்தையும் சேர்த்து, தன் கடைகளில் இருந்த எல்லாவற்றையும்விட உயர்ந்ததாக அதை விற்றார்கள். விலை உயர்ந்ததற்குப் பாதிக் காரணம் மெருகு. நாம் நீலம் என்று சொல்வது வண்ணமன்று, எஃகின் மேற்பரப்பே வேதிமாற்றம் அடைந்து உண்டாகும் மிக மெல்லிய படலம். அடியில் உள்ள எஃகு எவ்வளவு பளபளப்பாக இருக்கிறதோ அவ்வளவுதான் நீலமும் மின்னும். எனவே கைதேர்ந்த மெருகாளர்கள் மேலும் மேலும் மென்மையான சக்கரங்களில், விளிம்புகள் மழுங்காமல், எழுத்துகள் கரையாமல், முகம் தெரியும் அளவுக்கு எஃகைத் தேய்த்தார்கள். "ராயல் புளூ" என்று அவர்கள் பெயரிட்ட அந்த ஆழ்ந்த நிறத்தை இன்று தனிப்பட்டறை ஒன்றில் திரும்பக் கொண்டுவர முயன்றால், பெரும்பாலும் ஓரங்கள் உருண்டு, உடலில் பொறித்த கோல்ட் சின்னமான குதிரை மங்கி, திருகுத் துளைகளின் வாய் குழிந்து, பழகிய கண் பத்தடியிலிருந்தே கண்டுகொள்ளும் ஒரு பொருள்தான் மிஞ்சும். குழல் நுனித் தேய்வைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் சுடுவதால் குறையும் மதிப்பைவிட அந்த ஒரு வேலையால் குறைவது மிக அதிகமாக இருக்கும். அந்தத் தேய்வு, அவர் அதை உறையிலிருந்து எடுத்ததும் உறையில் போட்டதுமான தடம்.

சுடுவதற்குச் சொல்லப்படும் தவறான காரணம் ஒன்று உண்டு. இயந்திரம் என்றால் ஓட வேண்டும், ஓடாவிட்டால் கெட்டுவிடும் என்பார்கள். பெட்டிக்குள்ளேயே கிடக்கும் பட்டுப்புடவை மடிப்பில் இற்றுப்போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று சரியாகப் படும். ஆனால் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி, ஈரமில்லாத இடத்தில் வைத்த எஃகு சும்மா இருப்பதால் கெடுவதில்லை, நூறாண்டு இருக்கும். கெடுப்பது ஈரம், விரல்களின் உப்பு, தோலுறை. இதை நான் என் செலவில் கற்றேன். பழைய ரிவால்வர் ஒன்றை அதன் தோலுறையிலேயே போட்டு அலமாரியில் இரண்டு கோடைகள் விட்டுவிட்டேன். தோலில் இருந்த பதனிடு ரசாயனமும் அது உறிஞ்சிய ஈரமும் சேர்ந்து, உறை தொட்ட பக்கம் முழுவதும் அம்மைத் தழும்பு போலக் குழித்துவிட்டன. அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டித்தான் இன்றும் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரின் புழுக்கம் எங்கள் ஊரைவிட மோசம். எனவே பெட்டி ஓரிடத்திலும் துப்பாக்கி வேறிடத்திலும் இருக்கட்டும்; பழைய அட்டையும் நுரைப்பஞ்சும் ஈரம் பிடிக்கும். கைப்பட்ட ஒவ்வொரு முறையும் துடையுங்கள். நீண்ட காலத்துக்கு என்றால், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் உருவான "ரினெசான்ஸ்" மெழுகை மெலிதாகப் பூசலாம்.

காப்பதற்குச் சொல்லப்படும் தவறான காரணம் விலை ஏறும் என்பது. இதுவரை ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. தயாரிப்பு முதலில் குறைந்து, பிறகு 2000களின் நடுவில் அடியோடு நின்றது. 2010இல் தொடங்கிய புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகன் பைதானை ஏந்தி நின்றதும் விலை மேலும் எகிறியது. 2020இல் கோல்ட் நிறுவனமே 1,499 டாலருக்குத் துருவேறா எஃகில், உள்ளமைப்பை மாற்றி, புதிய பைதானைக் கொண்டுவந்துவிட்டது. சுடுவதற்கென்று ஒரு பைதான் வேண்டியவர் இன்று அதை வாங்கிக்கொள்ளலாம். பழையவற்றில் விலை நிற்பது குறையற்றவற்றுக்கும் அரிய வகைகளுக்கும்தான். நன்றாகப் பயன்பட்ட ஆறங்குல நீலப் பைதான் அந்த வரிசையில் முன்னால் நிற்காது. நல்ல விலைதான், சில ஆயிரம் டாலர் பெறும். ஆனால் அது அடுத்த பத்தாண்டில் உங்கள் மகனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டப்போவதில்லை. ஒரு காலத்தில் போட்டிக்குச் சுடுபவர்கள் பைதானின் குழலை மட்டும் கழற்றி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் உடலில் பொருத்திக்கொண்டார்கள். அன்று அது வெறும் கருவி. யாரும் கண்ணீர் விடவில்லை.

அப்படியானால் சுடலாம் என்பதே என் விடையா என்றால், ஆம், ஆனால் இந்தத் துப்பாக்கிக்கே உரிய ஒரு பலவீனத்தைப் பார்த்த பிறகு. பழைய கோல்ட் ரிவால்வரில் சிலிண்டரைச் சுழற்றும் ஒரு சிறு துண்டு உண்டு. "கை" என்றே அதற்குப் பெயர். விசையை இழுக்கும்போது இந்தக் கை சிலிண்டரின் பின்புறப் பற்களைத் தள்ளிச் சுழற்றுகிறது, குண்டு வெடிக்கும் கணத்திலும் தள்ளியபடியே இருக்கிறது. மறுபக்கத்தில் பூட்டும் நாக்கு தடுத்துக்கொண்டிருப்பதால் சிலிண்டர் இம்மியும் ஆடாமல் நிற்கும். பைதானின் புகழ்பெற்ற துல்லியத்தில் இதற்குப் பங்கு உண்டு. அதன் தேய்மானத்துக்கும் இதுவே காரணம், ஏனென்றால் வெடிப்பின் உதையை ஒவ்வொரு முறையும் அந்தச் சிறு துண்டும் பற்களும் வாங்கிக்கொள்கின்றன. தேய்ந்துவிட்டால் சிலிண்டர் உரிய இடத்துக்கு ஒரு முடியளவு தாமதமாக வரும். மிகத் தேய்ந்தால் துளையும் குழலும் நேர்கோட்டில் அமையாமல், குண்டு குழல்வாயில் உரசி ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். அருகில் உங்கள் மகன் நிற்கப்போகிறான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சோதிப்பது எளிது. ஆறு துளைகளும் காலியா என்று இருமுறை பாருங்கள். சிலிண்டரின் மேல் ஒரு விரலை மிக இலேசாக வைத்துச் சிறு தடையை ஏற்படுத்திக்கொண்டு, சுத்தியலைக் கட்டைவிரலால் மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுதாக நின்று பிடிக்கும் முன்னரோ அதே கணத்திலோ பூட்டு நாக்கு குழியில் விழும் "டிக்" கேட்க வேண்டும். ஆறு துளைக்கும் தனித்தனியே செய்யுங்கள். ஒன்றிலேனும் சுத்தியல் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் இருந்தால், சுடும் பேச்சை நிறுத்திவிட்டுப் பழைய கோல்ட் உள்ளமைப்பைப் பழகிய துப்பாக்கி மிஸ்திரியைத் தேடுங்கள். அத்தகையவர்கள் இன்று மிகச் சிலர், காத்திருக்கவும் நேரும். பக்கத் தகட்டை நீங்களே நெம்பித் திறக்க முயலாதீர்கள். திரைப்படத்தில் வருவது போல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை அடைத்தால், அதை உடலோடு தாங்கி நிற்கும் இணைப்புத் துண்டு வளையும் (மேலே சொன்ன "கை" அன்று, இது வேறு). மகனுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

சோதனையில் தேறிவிட்டால், எதைச் சுடுவது என்பதே எஞ்சிய கேள்வி. பைதான் .357 மேக்னம் தோட்டாவுக்கானது, ஆனால் அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷலும் அதில் தடையின்றிச் சுடும். மேக்னத்தின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, சாதாரண .38 ஸ்பெஷலுக்கு அது 17,000. இலக்குப் பயிற்சிக்கான, தட்டைமுகமுள்ள 148 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு அந்த வரம்புக்கும் வெகு கீழே மென்மையாகச் செல்லும். பைதானின் விசை எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று உணர அதுவே போதும். மேக்னத்தின் தீயும் உதையும் உண்மையில் அந்த உணர்வை மறைத்துவிடும். ஆண்டுக்கு ஒரு பெட்டி, ஐம்பது தோட்டா, என்று வைத்துக்கொண்டால் அந்தக் கை உங்கள் பேரன் காலம் வரை தேயாது. குட்டைத் தோட்டா துளைக்குள் ஒரு கறை வளையத்தை விடும். அன்றே தூரிகையிட்டுத் துடைத்துவிடுங்கள்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பயன்பாட்டின் தேய்வுக்குச் சந்தையில் மதிப்பே இல்லை என்று நான் சொன்னதாகப் படக்கூடாது. பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற அமெரிக்கத் தளபதி பேட்டன் 1916இல் மெக்சிகோவில் சுட்ட தந்தப்பிடிக் கோல்ட் ரிவால்வரின் பிடியில் இரண்டு கீறல்கள் உண்டு. அதைத் தேய்த்து மெருகூட்டச் சொல்பவர் யாரும் இல்லை. அந்தக் கீறல்கள் யாருடையவை என்று உலகத்துக்குத் தெரியும். உங்கள் அடுத்த வீட்டுக்காரரை உலகத்துக்குத் தெரியாது, ஆகவே சந்தை அவருடைய சனிக்கிழமைகளைக் கழிவாகவே கணக்கிடும். உங்கள் கணக்கு வேறாக இருப்பதில் தவறில்லை. அந்த அம்மா நினைவில் வைத்திருப்பதை, எப்போது வாங்கினார், எந்தச் சுடுதளம், ஏன் நிறுத்தினார் என்பதை, இப்போதே கேட்டு எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு கட்டணம் பெற்றுக்கொண்டு, ஒரு துப்பாக்கி ஆலையிலிருந்து எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பது போன்ற விவரங்களைக் கடிதமாகத் தருகிறது. அதையும் வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

கடிதத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்துப் பெட்டிகளில் துப்பாக்கியின் தொடர் எண்ணைக் குறித்திருப்பார்கள். அந்த எண்ணும் உங்கள் பைதானின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து எழுதுங்கள். ஒன்றாக இருந்தால் அந்த அட்டைப்பெட்டிக்கே தனி விலை உண்டு, அதைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அன்புடன்.