சாவி யார் கையில்? வாசகர் கேள்விகள்

கேள்வி: திருச்செந்தூரில் தங்கி, ஒரே நாளில் மெஞ்ஞானபுரம், இடையன்குடி, மணப்பாடு ஆலயங்களைப் பார்க்க எந்த வரிசையில் போகலாம்? போன முறை மெஞ்ஞானபுரத்தில் கதவு பூட்டியிருந்தது. (வாசகி, சேலம்)

பதில்: நீங்கள் சொன்ன வரிசையே சரி. ஞாயிறையும் முகூர்த்த நாளையும் விட்டுவிடுங்கள். ஆராதனையோ கல்யாணமோ நடக்கும்போது உள்ளே நடமாட முடியாது. மற்ற நாளில் பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஆலயமும் 'கோவில்'தான். "கோவில்குட்டி வீடு எது?" என்று முதல் கடையிலேயே கேளுங்கள். ஆலயத்தைப் பார்த்துக்கொள்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள், சாவி அவரிடம் இருக்கும். முந்தின நாளே சேகர ஐயரிடம் (அந்த வட்டாரத்துச் சபைகளின் போதகர்) ஒரு வார்த்தை சொல்லிவைப்பது இன்னும் நல்லது.

மெஞ்ஞானபுரத்துக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கோபுரம் 192 அடி. வாசலில் நின்றால் முழுதாகக் கண்ணில் படாது. சாலையில் தள்ளி நின்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். அடுத்து சாத்தான்குளம், திசையன்விளை வழியாக இடையன்குடி. 1847இல் அடிக்கல் நாட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் பிரதிஷ்டை 1880இல்தான் நடந்தது. அதைக் கட்டிய பிஷப் கால்டுவெல்லின் கல்லறை ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். அதற்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

உவரி வழியாகக் கடற்கரைச் சாலையில் திரும்பி, மணப்பாட்டுக்கு நாலு மணிக்கு மேல் போங்கள். 1581ஆம் ஆண்டின் திருச்சிலுவை ஆலயம் மணல்மேட்டின் மேல் நிற்கிறது. உச்சிவெயிலில் போனால் செருப்பைக் கழற்றிய பிறகு கால் வெந்துவிடும். சவேரியார் தங்கிய குகை கடல் பக்கம் கீழே இருக்கிறது. ஈரப் படியில் வழுக்கும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 1 முதல் 14 வரை திருவிழா. கட்டடத்தை நிதானமாகப் பார்க்க அது ஏற்ற நேரமல்ல.

கேள்வி: பழைய கல்லறை எழுத்துகளைப் படிக்க மாவோ சாக்பீஸோ தடவலாமா? (வாசகர், கோவை)

பதில்: தயவுசெய்து வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு உதிரும். மாவு குழிகளில் தங்கி, ஈரம் பட்டதும் பூஞ்சணம் பிடிக்கும். செல்போன் டார்ச்சே போதும். ஒருவர் குடையால் வெயிலை மறைக்கட்டும். டார்ச்சைக் கல்லுக்கு நேரே காட்டாமல், ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டின பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். முதலில் இடப்பக்கம், பிறகு மேல்பக்கம் என்று ஒளியை மாற்றி இரண்டு படமாவது எடுங்கள். படுக்கைக் கோடு ஒரு படத்திலும் செங்குத்துக் கோடு இன்னொன்றிலும் தெளியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின கல் என்பதால், கொம்பு யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவ 'லை', 'னை' வரும். அதைத் தெரியாமல்தான் பலர் பெயரையே தப்பாக எழுதிக்கொண்டு போகிறார்கள்.

சுவர்க் காரை உப்புப் பூத்துப் பொரிந்திருந்தால் கை வைக்காதீர்கள், சாயாதீர்கள். விரல் பட்டாலே பொடியாகக் கொட்டும். அப்படிப்பட்ட சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துக் காரையையும் பெயர்த்துவிடும்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. உள்ளே போகலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தாராளமாக. செருப்பை வெளியே விடுங்கள், பீடத்துக்கு முன்னால் உள்ள தடுப்பைத் தாண்டாதீர்கள். மணப்பாட்டில் பூசை நடந்தால் பின்வரிசையில் உட்காரலாம். ஆனால் குருவானவர் அப்பம் வழங்கும் நற்கருணை வரிசையில் சேராதீர்கள். பிரசாதம் என்று நினைத்துப் பிள்ளைகள் கை நீட்டுவதுண்டு. அது பொதுவாகக் கொடுக்கும் பிரசாதம் அல்ல என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.