மறு: யாம்ல்லின்ட் ஓட்டியும் ஏஜென்ட் "எல்லாம் சரி"ங்குது

ப்ரோ, யாம்ல்லின்ட்ட (யாம்ல் கான்ஃபிக் ஃபைல்ல தப்பு இருக்கான்னு பாக்குற டூல்) எப்படி ஓட்டணும்னு ரீட்மீ முழுக்க எழுதி வச்சும் ஏஐ கோடிங் ஏஜென்ட் தப்பு கான்ஃபிக பாஸ்னு சொல்லி கமிட் பண்ணிடுதுன்னு கேட்டிருந்தீங்க, இதே கூத்து எனக்கும் நடந்துச்சு. அது அவுட்புட்ட மேலோட்டமா பாத்துட்டு எக்ஸிட் கோட (கமாண்ட் முடியும்போது தர்ற நம்பர், 0ன்னா பாஸ்) நம்பிடுது. யாம்ல்லின்ட்ல எரர் வந்தா 1, வெறும் வார்னிங்னா 0, ஸ்ட்ரிக்ட் ஃபிளாக் போட்டாத்தான் வார்னிங்குக்கு 2 வரும். நீங்க நார்வேயோட நாட்டுக் கோடா மேற்கோள் குறி இல்லாம 'நோ' (no)ன்னு போட்டிருக்கீங்கல்ல, யாம்ல் 1.1 பார்சர் அத ஃபால்ஸ்னு எடுத்துக்கும், ஆனா டீஃபால்ட்டா அது வார்னிங் மட்டும்தான், அதான் கண்டுக்காம போயிருச்சு.

அதனால ரீட்மீல நீளமா விளக்கம்லாம் வேணாம், எந்த கமாண்ட ஸ்ட்ரிக்டோட அப்படியே ஓட்டணும், எந்த கோடுக்கு என்ன அர்த்தம், ஃபெயிலானா என்ன பண்ணணும், அவ்ளோதான், கூடவே ஒரு தப்பு ஃபைலையும் அதுக்கு வர்ற அவுட்புட்டையும் ஒட்டி விடுங்க. முக்கியமா 'டெயிலுக்கு (அவுட்புட்டோட கடைசி வரிகள மட்டும் காட்டுற கமாண்ட்) பைப் பண்ணாத'ன்னு எழுதுங்க, பண்ணினா பைப்ஃபெயில் (பைப்ல எது ஃபெயிலானாலும் அந்த கோட காட்டுற செட்டிங்) போடாத ஷெல்லுல டெயிலோட 0தான் வரும் (ரெண்டு நாள் என்னை இப்படித்தான் ஏமாத்துச்சு). ஏஜென்ட் யாம்ல்லின்ட் ரூலயே டிசேபிள் பண்ணிட்டு பாஸ் வாங்குற திருட்டு வேலையும் பண்ணும், அதுக்கும் ஒரு வரி போட்டுருங்க.