கேளுங்க, சொல்றேன்: நாலு காரும் ஒரு டிரைவரும்

கேள்வி: சார், நாலு கார் மாத்திட்டேன்னு போன தடவை ஒரு பதில்ல சொல்லியிருந்தீங்க. அதுல எது பெஸ்ட்? நான் இப்பதான் ஆட்டோமேட்டிக் வாங்கினேன், ஆனா எப்பப் பாரு பழைய மேனுவலைப் பத்தியே பேசுறேன்னு வீட்ல கிண்டல் பண்றாங்க.

பதில்: ஒண்ணைச் சொன்னா மத்த மூணும் கோவிச்சுக்கும் சார். முதல் கார் 800 சிசி, 3 சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. காலையில சோக்கை, அதாவது காத்தைக் கொறச்சு பெட்ரோலைக் கூட்டுற குமிழை, இழுத்து ஸ்டார்ட் பண்ணணும், திரும்ப உள்ள தள்ள மறந்தா பெட்ரோலைக் குடிச்சிட்டு கரும்புகை விடும். ஏசி போட்டா மேடு ஏறாது, அதனால தூரத்துல மேடு தெரியும்போதே ஏசியை ஆஃப் பண்ணிட்டு, கியரைக் கொறச்சு, இருக்கற வேகத்தை விட்டுடாம அப்படியே ஏத்திடணும். ரோட்டை முன்கூட்டியே பாத்து ஓட்டுற பழக்கம் எனக்கு அதுலதான் வந்துச்சு, இன்ஜின்ல பவர் இருந்திருந்தா வந்திருக்காது. பவர் ஸ்டீயரிங்கும் கெடையாது. பார்க் பண்றதுக்குள்ள தோள்பட்டை கழண்டுரும், ஆனா ஓடும்போது முன் சக்கரம் எந்தக் கல்லுல ஏறுதுன்னு உள்ளங்கைக்கே தெரியும். அந்த சொகம் அப்புறம் வந்த எந்த வண்டியிலயும் கெடைக்கல.

அடுத்தது டர்போ டீசல். சத்தம் டிராக்டர் மாதிரி. டர்போங்கறது இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ற விசிறி, அது சுத்துறதே புகையோட வேகத்துலதான், அதனால இன்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுத்து வர்ற வரைக்கும் தூங்கும், முழிச்சுக்கிச்சுன்னா முதுகுல ஒரு தள்ளு பாருங்க! அஞ்சு பேரு, டிக்கி நெறைய சாமான், கியரே மாத்தாம மேடு ஏறிடும்.

மூணாவது சிவிடி ஆட்டோமேட்டிக், அதாவது படிப்படியா கியர் மாறாம சீரா மாத்திக்கற வண்டி, இடது காலுக்கு கிளட்ச் வேலையே இல்ல. மிதிச்சா இன்ஜின் முதல்ல கத்தும், வண்டி அப்புறமா வரும். ஒரு வருஷம் திட்டிக்கிட்டேதான் ஓட்டினேன், அப்புறம் இடது முழங்கால் வலி வந்துச்சு, நானும் திட்டுறதை நிறுத்திட்டேன்.

இப்ப இருக்கறது எலக்ட்ரிக். நின்ன எடத்துலேர்ந்தே முழு இழுவை, அதைத்தான் எல்லாரும் சொல்வாங்க. எனக்குப் புடிச்சது வேற, ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா மோட்டாரே ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்திக்கிட்டே வேகத்தைக் கொறைக்குது. முன்னாடியே பாத்து காலை எடுக்கறவனுக்கு பிரேக்குல பெருசா வேலையே இல்ல. அந்த 800 சிசி வண்டி சொல்லிக்குடுத்த பாடம் இங்க வந்து ஒதவுது!

நீங்களும் ஆட்டோமேட்டிக்கை மேனுவல் மாதிரி விரட்டாதீங்க. நெரிசல்ல பிரேக்கை லேசா விட்டாலே தானா ஊர்ந்து போகும், அதுதான் அதோட குணம்.

கேள்வி: சின்ன காருக்குள்ள மட்டும் அவ்வளவு எடம் எப்படி சார்?

பதில்: 1959ல வந்த மினிங்கற பிரிட்டிஷ் காரைப் பாருங்க, 3 மீட்டருக்கு கொஞ்சம் கூட, அவ்வளவுதான் நீளம். அதை வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்க திருப்பி, கியர்பாக்ஸை அதுக்கு அடியில வச்சு, சக்கரத்தையும் 10 இஞ்சுக்குக் கொறச்சு, மிச்சமான எடத்தையெல்லாம் ஆளுங்களுக்குக் குடுத்துட்டாரு. என் முதல் கார்லயும் பானெட்டைத் தொறந்தா இன்ஜின் குறுக்கதான் படுத்திருக்கும். பின் சீட்ல நாலு பேரை ஏத்தியிருக்கேன், ஸ்பிரிங்தான் அழுதுச்சு.