அம்மாவின் நுரையீரலில் 5 மி.மீ. முடிச்சு: கடலூர் தம்பிக்கு

தம்பி, மார்பகப் புற்றுக்கு வைத்தியம் முடிந்த அம்மாவுக்கு இப்போது சிடி ஸ்கேனில் நுரையீரலில் 5 மி.மீ. முடிச்சு (சின்னப் புள்ளி மாதிரி ஒரு கட்டி), ‘மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுங்க’ என்கிறார்கள், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அலட்சியத்தில் சொன்னதில்லை அது. அவ்வளவு சின்னதில் ஊசி போட்டுச் சதை எடுப்பது சிரமம். புற்று இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனும் 8 மி.மீ.க்குக் கீழே பெரும்பாலும் கைகொடுக்காது. வளர்கிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனையே. பழைய டிபி தழும்புகூட இப்படித் தெரியும், நம் பக்கம் அது அபூர்வமா என்ன? புற்றாகவும் இருக்கலாம், பூசி மெழுக மாட்டேன்.

வைத்தியத்துக்கு முன்னால் நெஞ்சுக்கு சிடி எடுத்திருந்தால் தேடி எடுங்கள். ஜிப்மருக்குப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமும் வேண்டும். அன்றைக்கே அதே இடத்தில் அதே அளவில் இருந்திருந்தால் பாதி பயம் போய்விடும். அடுத்த ஸ்கேனையும் முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள்.

மார்பகப் புற்று திரும்பாமல் இருக்கத் தரும் ஹார்மோன் மாத்திரை, டாமாக்சிஃபனோ லெட்ரோசோலோ, எழுதிக் கொடுத்ததை நிறுத்த வேண்டாம். வருஷாந்திர மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தனி, அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மூச்சு வாங்கினால், சளியில் ரத்தம் வந்தால், ராத்திரி தூங்கவிடாத முதுகெலும்பு வலி இருந்தால், அக்குளில் புதுக் கட்டி தட்டுப்பட்டால் மூணு மாசம் வரை காத்திருக்காதீர்கள். உடனே பஸ் ஏறுங்கள்.