மனைவி படித்துக்கொண்டிருந்தால் வேலையில்லாதோர் உதவி கிடைக்காதா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 4 வருடம் முடித்துவிட்டேன். சம்பளம் 18,000 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். ஆர்டர் குறைவு என்று ஆட்களை நிறுத்துகிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ஒரு மாதச் சம்பளம் தருவார்களாம். நான் பிளஸ் 2. மனைவி தர்மபுரியில் ரெகுலராக பி.எட். படிக்கிறாள். வீட்டில் ஒருவர் மாணவராக இருந்தால் எந்த உதவியும் வராது என்கிறார்கள். நிஜமா? – பாலக்கோடு வாசகர்

பதில்: இல்லை. மாநில அரசின் உதவித்தொகைக்கு, விண்ணப்பிப்பவர் பள்ளி, கல்லூரிக்கு நேரில் சென்று படிப்பவராக இருக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. தொலைதூரக் கல்வி என்றால் அதுவும் தடையில்லை. யாரோ இந்த விதியை அரைகுறையாகக் கேட்டுவிட்டு உங்கள் மனைவி தலையில் கட்டிவிட்டார்கள். விண்ணப்பிக்கப்போவது நீங்கள், அவர் அல்ல.

ஆனாலும் அந்த உதவித்தொகை இப்போதைக்கு உங்களுக்குக் கைகொடுக்காது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. இதுவரை நீங்கள் வாங்கியதே வருடத்துக்கு 2,16,000. கிடைத்தாலும் பிளஸ் 2 படித்தவருக்கு மாதம் 400 ரூபாய்தான். பதிவை மட்டும் 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது இ.எஸ்.ஐ. பக்கம். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. வேலை போனவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை தருவார்கள், ஆயுளில் ஒரே முறை. உங்களுக்குத் தோராயமாக நாளுக்கு 300 வீதம் 27,000 ரூபாய். குடும்ப வருமானமோ மனைவியின் படிப்போ இதில் கணக்கே இல்லை. வேலை போய் 30 நாள் கழித்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம், கம்பெனி சிபாரிசு வேண்டாம். அவ்வப்போது கால நீட்டிப்பு செய்து நடத்தும் திட்டம் என்பதால், அன்றைய நிலையைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், அந்த ராஜினாமாக் கடிதத்தில். தானாக வேலையை விட்டவருக்கு இந்தத் தொகை கிடையாது. இழப்பு அதோடு நிற்பதில்லை. வேலை இல்லை என்று கம்பெனியே நிறுத்தினால் அது ஆட்குறைப்பு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் சேர்த்துத் தரவேண்டும். உங்கள் 4 வருடத்துக்கு அது 36,000 ரூபாய். சலுகை போல நீட்டும் அந்த 18,000, சட்டப்படி எப்படியும் தரவேண்டிய நோட்டீஸ் பணம்தான்! அதைக் கொடுத்து மற்றதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

ஆகவே கையெழுத்துப் போடாதீர்கள். நிறுத்துவதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், வருகைப் பதிவு எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டால் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் நீங்கள் தனியாளாகவே மனு கொடுக்கலாம், சங்கம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

இதைப் படிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், கம்பெனி அதை ஏற்பதற்கு முன் திரும்பப் பெறலாம். ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, இன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.