வீட்டிலேயே அடி, வதை என்று வளரும் குழந்தைகள் அதை எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள்?

இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் அடி வாங்கியவராக இருப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டுத் தூக்கம் தொலைத்தவராக இருப்பார். நீங்கள் இரண்டாவது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாங்கிக்கொள்வதெல்லாம் இல்லைங்க. முன்கூட்டியே மோப்பம் பிடிக்கப் பழகிவிடுவோம். அப்பா வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் பயமில்லை. சுவரில் சாய்த்துவிட்டு வந்தால் தம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். ஒருமுறை பெல்ட்டை ஒளித்துவைத்தேன். அன்றைக்கு ஒயர் வந்தது. அதற்கப்புறம் பெல்ட்டைத் தொடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்பேன். எங்களுடையது ஓட்டு வீடு. டீச்சருக்கும் அது தெரியும்.

"எங்கப்பாவும்தான் அடிச்சார், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று ஒருவர் இந்நேரம் தட்டச்ச ஆரம்பித்திருப்பார். கணக்கில் மார்க் குறைந்ததற்கு விழுந்த ஒரு பிரம்படியைப் பற்றி நான் பேசவில்லை ஐயா. (அதுவும் சரியென்று சொல்லவில்லை.) பெற்ற தகப்பனைச் சந்தி சிரிக்க வைக்கிறாள் என்றும் சிலர் வருவார்கள். மத்திய அரசு 13 மாநிலங்களில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்துக்குள் அடிபட்ட குழந்தைகளில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர்தான். நான் புதிதாக எதையும் சந்திக்கு இழுக்கவில்லை. அம்மா என்ன செய்தார் என்றும் தயவுசெய்து கேட்காதீர்கள். எங்களுக்கு முன்னால் அடி வாங்கியவரே அவர்தான்.

எங்களைக் கரையேற்றியது அடுத்த வீட்டுத் தையல்கார அக்கா. சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ பாப்பா, ஹூக் வைக்கணும், தம்பியையும் கூட்டிட்டு வா" என்று குரல் வரும். ஒரே ஜாக்கெட்டுக்கு அடுத்தடுத்த நாள் ஹூக் தைத்திருக்கிறேன். நான் போனதும் பிரித்துவிடுவார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை, சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார். அவர் வீட்டுக்காரர் லைன்மேன். அப்பாவுக்கு அவரிடம் கொஞ்சம் பயம், அந்த வாசலுக்கு வரமாட்டார்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார். மோசமான சூழலில் பிறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்தார்களாம். தாத்தா பாட்டி, ஆசிரியர், அக்கம்பக்கத்தார் என்று அக்கறையுள்ள பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தது முக்கியமான காரணங்களில் ஒன்று. படித்ததும் அக்காவுக்குத்தான் போன் போட்டேன்.

அந்த அக்கா இன்னும் தைக்கிறார். டவுனில் ஒரு ஜாக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுப்பவர்கள், இவரிடம் ஃபால்ஸ் தைக்க இருபது ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எரிகிறது.

சரி, உங்கள் விஷயம். நேரே போய் அந்த ஆளிடம் சண்டை போடாதீர்கள். நீங்கள் திரும்பியதும் அதற்கும் சேர்த்துக் குழந்தைக்குத்தான் விழும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். இலவசம், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், பிரிவு 75இன்படி, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே வதைத்தால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பெற்றோருக்கும் சேர்த்துத்தான். பக்கத்து வீட்டோடு பகை வராதா என்றால், வரும். எங்கப்பா அந்த லைன்மேனோடு கடைசிவரை பேசவே இல்லை.