அலாஸ்கா கப்பலில் பனியாறு பார்க்கும் நாள்: வயதான அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாகக் கூட்டிப் போங்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, அன்றைக்கு முழுக்கக் கப்பலை விட்டு இறங்கவே விடமாட்டார்களாம், இவ்வளவு செலவு செய்து போய் அவர் அறையிலேயே படுத்திருப்பாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்க வேண்டாம் என்பதுதான் முழங்கால் வலிக்காரர்களுக்கு வசதியே. நடை கிடையாது, படி கிடையாது, பஸ் கிடையாது. நாம் உட்கார்ந்த இடத்துக்கு மலையும் பனியும் வருகின்றன.

இதை அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. சியாட்டிலில் இருக்கும் என் தம்பி ஏற்பாடு செய்து, எண்பதைத் தாண்டிய எங்கள் ஆத்தாவை (எங்கள் பக்கம் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அழைத்துப் போனோம். காரைக்குடியில் கிளம்புவதற்கு முன் சொந்தக்காரர்கள் பேசாத பேச்சு இல்லை. "இந்த வயசுல ஆச்சி ஐஸைப் பாத்து என்ன ஆகப்போகுது? காசிக்குக் கூட்டிப்போனா புண்ணியமாவது உண்டு" என்றார்கள். காசிக்கும் போய், எங்கள் நகரத்தார் சத்திரத்தில் தங்கி, கங்கையில் முழுகிவிட்டு வந்தவர்தான் ஆத்தா. அதைச் சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை. பணம் இருக்கிறவர்கள் ஆடுகிறார்கள் என்று இங்கேயும் யாராவது எழுதுவார்கள். தம்பியும் நானும் சேர்த்த காசு. அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, இருந்தபோது செய்ய முடியாமல் போனதை ஆத்தாவுக்காவது செய்தோம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

முதலில் ஒரு விஷயம். பனியாறு என்பது மலையிலிருந்து ஆறுபோல மெல்ல நகர்ந்து வரும் பனிக்கட்டி. அலாஸ்கா போகிற எல்லாக் கப்பலும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. சில ஹப்பார்டு பனியாற்றுக்குப் போகும், சில எண்டிகாட் ஆர்ம் போன்ற குறுகலான கடல் இடுக்குகளுக்குள் போகும். நாங்கள் போனது கிளேசியர் பே (பனியாற்று விரிகுடா) தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதி கிடையாது. பயணத் திட்டத்தில் கிளேசியர் பே என்று பெயர் போட்டிருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். "பனியாறு காட்சி" என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பனியாறு என்று கேளுங்கள்.

காலையில் கப்பல் விரிகுடாவுக்குள் நுழையும்போது ஒரு சின்னப் படகில் ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்கள் வந்து ஏறிக்கொள்வார்கள். அப்புறம் நாள் முழுக்க ஒலிபெருக்கியில் அவர்கள் பேச்சுதான். உள்ளே கடல் குளம்போல அசையாமல் கிடக்கும், வாந்தி மயக்கம் என்ற பயம் வேண்டாம். குளிர்தான் கவனிக்க வேண்டியது. ஆத்தாவுக்கு உள்ளே தெர்மல் என்னும் கதகதப்பான உள்ளாடை, அதன்மேல் கண்டாங்கிச் சேலை, அதற்கும் மேல் தம்பியின் பெரிய ஜாக்கெட், காதை மூடிக் கம்பளிக் குல்லா. சேலையை மட்டும் விடமாட்டேன் என்றுவிட்டார். மேல்தளத்தில் கண்ணாடித் தடுப்பு ஓரமாக, காற்று நேரே அடிக்காத இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சுடச்சுட சூப் கொண்டுவந்து கொடுத்தார்கள். குளிரெடுத்தால் உள்ளே போக நான்கு எட்டு வைத்தால் போதும்.

ரேஞ்சர் சொன்னதை நான் ஒவ்வொன்றாக ஆத்தாவிடம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். 1794-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் வான்கூவரின் கப்பல்காரர்கள் வந்தபோது இந்த விரிகுடாவே கிட்டத்தட்ட கிடையாது, வாய் வரைக்கும் பனி அடைத்து நின்றது. 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்து பார்த்தபோது பனி நாற்பது மைலுக்கு மேல் உள்வாங்கியிருந்தது. 1916-க்குள் அறுபத்தைந்து மைல். அதாவது நாங்கள் போய்க்கொண்டிருந்த கடல்வழி முழுக்க முன்பு பனிக்கட்டி. ஆத்தா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அரிசி களஞ்ச தண்ணி மாதிரில்ல இருக்கு" என்றார். சரியாகச் சொன்னார். பனியாறு மலையை அரைத்து அரைத்து மாவாக்கிக் கொண்டுவந்து சேர்க்கும் பாறைத்தூள்தான் அந்த நிறம்.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பலை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். ஒரு மைல் அகலச் சுவர், தண்ணீருக்கு மேலே மட்டும் சுமார் 250 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். நடுநடுவே நீலம், சாயம் ஊற்றியதுபோல. பனி பல காலமாக அமுங்கி இறுகும்போது உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்கள் வெளியேறிவிடும். அந்தக் கெட்டிப்பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறது. திடீரென்று ஒரு துண்டு சரிந்தது. முதலில் விழுவது தெரிகிறது, அப்புறம்தான் இடிச்சத்தம் வருகிறது. ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பச்சி ரங்கூனுக்குக் கப்பல்ல போனாக, வந்தாக. பொம்பளைக நாங்க வீட்டைப் பாத்துக்கிட்டு இருந்தோம். இன்னைக்கித்தான் நா ஏறியிருக்கேன்" என்றார். ஆத்தாவின் அப்பச்சியான என் ஐயா 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர். அந்தக் கதையை ஆத்தா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். கப்பலில் ஏற வேண்டும் என்று தனக்கும் ஒரு ஆசை இருந்ததை அன்றைக்குத்தான் சொன்னார். இது செலவுக்குத் தகுமா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த விரிகுடா ஹூனா டிலிங்கிட் என்னும் பழங்குடி மக்களின் சொந்த மண். முன்னொரு காலத்தில் பனியாறு முன்னேறி வந்து அவர்கள் ஊரையே தள்ளிவிட்டது. 2016-இல் பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில் அவர்களுக்குப் பொதுவாக ஒரு குலவீடு மறுபடி எழும்பியிருக்கிறது. இதைச் சொன்னதும் ஆத்தா, "அவுக வீட்டைத் திரும்பக் கட்டிட்டாக, நம்மாளுக பிரிச்சு விக்கிறாக" என்றார். தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டின் நிலை அப்படி. பங்காளிகள் பலர், ஆளுக்கொரு பங்கு, யாரும் ஓடு மாற்றக் காசு போடமாட்டார்கள். ஆனால் பழைய சாமான் வாங்குகிறவர் வந்தால் மட்டும் பட்டாலை என்கிற கூடத்தின் தேக்குத் தூணுக்கு விலை பேச எல்லோரும் கூடிவிடுவார்கள். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூட அந்த வீட்டு வளவில் நிற்க இடம் இல்லாமல் போகப்போகிறது. சரி, இது உங்கள் கேள்வி இல்லை. ஆனாலும் ஆத்தாவை ஐஸ் பார்க்கக் கூட்டிப்போனது வீண்செலவு என்று சொன்னவர்களில் அந்தத் தூணை விற்றவர்களும் உண்டு.

கப்பல் புகைதானே பனியைக் கரைக்கிறது என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெரிய பின்வாங்கலில் பெரும்பகுதி சுற்றுலாக் கப்பல்கள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்தது. இன்றைக்குப் பூமி சூடாவது உண்மை, அதில் விமானத்துக்கும் கப்பலுக்கும் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக வயதானவர்களை மட்டும் வீட்டில் உட்காரச் சொல்வது நியாயமில்லை.

உங்களுக்கு வேண்டியவை இவ்வளவுதான். அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் எடுங்கள்; சியாட்டிலில் ஏறினாலும் பெரும்பாலான கப்பல்கள் வழியில் கனடாவின் விக்டோரியாவைத் தொடும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்கூட்டியே வாடகைக்குச் சொல்லிவையுங்கள், கப்பலில் இருப்பவை பெரும்பாலும் அவசரத்துக்குத்தான். சோறும் பருப்பும் வேண்டுமென்று முந்தின இரவே சாப்பாட்டுக்கூடத்தில் சொன்னால் எங்களுக்குச் செய்து கொடுத்தார்கள். எங்களுக்குப் பதிவு செய்த ஏஜென்ட், பனியாறு தெரிகிற பக்கம் என்று சொல்லி பால்கனி அறைக்குக் கூடுதலாகக் காசு கேட்டார். கொடுக்காதீர்கள். பனியாற்றின் முன் கப்பலையே மெல்லத் திருப்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டுகிறார்கள்.